உத்தேசக் கணக்கும் உண்மைத் திறனும்

'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்பது நம் முன்னோர் வாக்கு. அளவறியாமல் செய்யும் செலவும், அளவறியாமல் பெறும் வரவும் ஒரு குடும்பத்தையும் நிலைக்க விடா. ஒரு சங்கத்தையும் நிலைக்க விடா. 1904-ஆம் ஆண்டுச் சட்டத்தோடு கூட்டுறவு இயக்கம் இந்நாட்டில் வேரூன்றிய நாள் முதலாகப் பேரேடும் தணிக்கையும் அதன் இரு கண்களாக இருந்து வருவது இதனாலேயே ஆகும். ஆயினும் அந்த முதுமொழி கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அளந்த படியே ஐயத்துக்கு உரியதாக இருந்தால் என் செய்வது? கண் மதிப்பாக எழுதிய ஓர் எண்ணைக் கொண்டு ஒருவரைத் திறமையுள்ளவர் என்றும், மற்றொருவரைத் திறமை குறைந்தவர் என்றும் தீர்ப்புக் கூறலாமா?

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. கடம்பூர், கயத்தாறு, கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரங்களில் மானாவாரிக் கரிசலை நம்பி வாழும் விவசாயிக்கும், தறியை நம்பி வாழும் நெசவாளிக்கும் இதன் விடையில் நேரான நன்மையும் தீமையும் உண்டு. சங்கங்கள் தணிக்கையில் தரம் பிரிக்கப்படுகின்றன. கடன் கொடுப்போர் எந்தச் சங்கம் சீராக நடைபெறுகிறது என்று பார்த்தே கொடுக்கின்றனர். நலிந்தது என்று ஒருமுறை பெயர் பெற்ற சங்கத்தை அடுத்த ஊர்ச் சங்கத்தோடு இணைத்துவிடும் பேச்சும் எழுகிறது. இத்தகைய முடிவுகளுக்கு ஆதாரமாக நிற்பவை எண்களே.

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களில் 63,000 சங்கங்களைக் கணினி வழிக்குக் கொணரும் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை 2022 ஜூன் மாதத்தில் ஒப்புதல் அளித்தது. இதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆனால் ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 'ஏறத்தாழப் பத்து மூட்டை இருக்கும்' என்று வாய்மொழியாகச் சொன்னது குறிப்பேட்டில் '10' ஆகிறது. கணினியில் ஏறியதும் '10.00' ஆகிவிடுகிறது. புள்ளிக்குப் பின் இரண்டு சுழிகள் சேர்ந்தமையால் அந்த எண் முன்னிலும் உண்மையாகி விடுவதில்லை. உத்தேசம் என்ற சொல் வழியில் உதிர்ந்து போயிற்று, அவ்வளவே.

இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். ஐயமுள்ள எண்ணை ஐயமுள்ளதாகவே எழுத வேண்டும். அதன் கீழெல்லை எது, மேலெல்லை எது என்று இரண்டையும் குறிக்க வேண்டும். திறனை அவ்விரண்டு எல்லைகளையும் வைத்து இருமுறை கணக்கிட வேண்டும். தனக்கு மிகச் சாதகமான எண்களை வைத்துப் பார்த்த பின்பும் எந்தச் சங்கம் பின்தங்குகிறதோ, அதனை மாத்திரமே பின்தங்கியது என்று சொல்ல வேண்டும். இதற்குரிய கணித முறை உலகில் வகுக்கப்பட்டுவிட்டது. நம் சங்கங்களில் அதனைக் கையாள்வதற்குத் தடை ஏதும் இல்லை என்பதே நமது துணிபு.

நம் எண்கள் தடுமாறும் இடங்கள்

விவசாயியின் கணக்கை முதலில் எடுத்துக்கொள்வோம். நிலத்தின் பரப்பை ஒருவர் ஏக்கரில் சொல்கிறார். மற்றொருவர் பழைய வழக்கப்படி குறுக்கத்தில் சொல்கிறார். விளைச்சலை ஒருவர் மூட்டையில் சொல்கிறார். மற்றொருவர் கடையில் எடை போட்ட சீட்டைக் காட்டுகிறார். பருத்தியோ ஒரே நாளில் வீடு வந்து சேர்வதில்லை. முதல் எடுப்பு, இரண்டாம் எடுப்பு என்று வாரக்கணக்கில் வருகிறது. கைச்செலவுக்காக இடையிடையே விற்கவும் படுகிறது. பருவத்தின் இறுதியில் மொத்தம் எவ்வளவு என்று கேட்டால், நினைவிலிருந்தே விடை வரும்.

தானியத்தின் ஈரமும் கணக்கைக் குலைக்கும். களத்திலிருந்து வந்த உளுந்தில் நூற்றுக்கு 15 பங்கு ஈரம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதனை 10 பங்கு ஈரம் வரை உலர்த்தினால் 100 கிலோ எடை 94½ கிலோவுக்குச் சற்றுக் குறைவாக இறங்கிவிடும். ஒருவர் களத்து எடையையும், மற்றொருவர் உலர்ந்த எடையையும் எழுதினால், இருவர் விளைச்சலும் ஒன்றாகவே இருந்தபோதிலும் ஏட்டில் ஏறக்குறைய 6 சதவிகித வேற்றுமை தோன்றும்.

ஆள் கணக்கு இன்னும் கடினம். கூலி கொடுத்த நாட்கள் எழுதப்படுகின்றன. வீட்டார் களையெடுத்த நாட்களும், ஒருவர்க்கொருவர் மாற்றி உழைத்த நாட்களும் எழுதப்படுவதில்லை. ஆதலின் ஆளே இல்லாமல் விளைந்ததுபோல் சில கணக்குகள் காணப்படும்.

நெசவாளியின் கணக்கிலும் இதே குறை வேறு உருவத்தில் உண்டு. சங்கம் நூலை எடை போட்டுக் கொடுக்கிறது. துணியை எடையும் நீளமும் பார்த்து வாங்குகிறது. பருத்தி நூல் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. முற்றும் உலர்ந்த 100 கிலோ நூலுக்கு 8½ கிலோ ஈரம் சேர்வதை வியாபாரத்திலேயே முறையான அளவாக ஏற்றுக்கொண்டிருக்கின்றனர். மழைக்காலத்து நூலும் சித்திரை வெயில் நூலும் எடையில் ஒன்றாகா. பாவுக்கு இட்ட கஞ்சியும் துணியின் எடையில் சேர்ந்துவிடுகிறது. ஆகவே கழிவு குறைந்த நெசவாளி என்று ஏடு காட்டுபவர், உண்மையில் கஞ்சி மிகுந்த நெசவாளியாகவும் இருக்கக்கூடும்.

தறியில் அமர்ந்தவரின் உழைப்பை மட்டும் எண்ணுவதும் குறையே. பாவு ஓடுவதும், தார் சுற்றுவதும், இழை முடிவதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் உழைப்பாக இருக்கின்றன. 2019-20-இல் எடுக்கப்பட்ட நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டிலுள்ள கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர். அவர்களில் 25 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெண்கள். அத்தனை பேரின் உழைப்பில் ஒரு பகுதியை ஏட்டில் ஏற்றாமல் விட்டுவிட்டு, தறிகளின் திறனைத் துல்லியமாக அளந்துவிட்டோம் என்று கூறுவது பொருந்துமா?

அரசாங்கக் கணக்குக்கும் இத்தொல்லை புதிதன்று. முற்காலத்தில் விளைச்சலை ஆனாவாரியாக மதித்தனர். நல்ல விளைச்சல் பதினாறு அணா என்றால் இவ்வாண்டு எத்தனை அணா என்று ஊர் அலுவலர் கண்ணால் பார்த்துக் கூறுவதே அம்முறை. இதற்கு மாற்றாகவே, குறிப்பிட்ட துண்டு நிலத்தைப் பொறுக்கி எடுத்து அறுத்து எடைபோடும் பயிர் அறுவடைச் சோதனை முறையைப் பேராசிரியர் மகலனோபிஸ், டாக்டர் சுகாத்மே முதலிய இந்தியப் புள்ளியியல் அறிஞர்கள் வளர்த்தனர். அதிலும் பிழை புகும் வழியைச் சுகாத்மே 1940-களில் எடுத்துக் காட்டினார். சோதனைத் துண்டு மிகச் சிறியதாக இருந்தால், எல்லையோரம் நிற்கும் செடிகளை உள்ளே சேர்த்துக்கொள்ளும் இயல்பு காரணமாக விளைச்சல் உள்ளதைவிட மிகுதியாகத் தோன்றும் என்பது அவர் கண்டது.

இப்பிழையின் விலை என்ன என்பதைப் பயிர்க் காப்பீட்டில் காணலாம். 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வரையறுத்த விளைச்சலுக்கும் அவ்வாண்டுச் சோதனையில் கண்ட விளைச்சலுக்கும் உள்ள குறைவு எத்தனை சதவிகிதமோ, காப்பீட்டுத் தொகையில் அத்தனை சதவிகிதம் இழப்பீடாகிறது. வரையறுத்த அளவு ஏக்கருக்கு 200 கிலோ என்றும், சோதனையில் கண்டது 180 கிலோ என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். இழப்பீடு 10 சதவிகிதம். சோதனை எண்ணில் பத்தில் ஒரு பங்கு பிழை இருக்கலாம் என்றால், உண்மை விளைச்சல் 162 கிலோவுக்கும் 198 கிலோவுக்கும் இடையில் எங்கும் இருக்கலாம். அப்போது நியாயமான இழப்பீடு 19 சதவிகிதமாகவும் இருக்கலாம்; 1 சதவிகிதமாகவும் இருக்கலாம். சிறிய பிழை பெரிய வேற்றுமையாக வளர்வதை இங்குக் காண்கிறோம்.

ஒப்புத் திறன் என்பது என்ன?

திறனை அளப்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவர் நிலத்தை மிச்சப்படுத்தி ஆளை அதிகம் செலவிடுகிறார். மற்றொருவர் ஆளை மிச்சப்படுத்தி நிலத்தை அதிகம் செலவிடுகிறார். இவர்களில் யார் திறமையானவர்? எல்லாவற்றையும் ரூபாயாக மாற்றிக் கூட்டலாம் என்றால், வீட்டார் உழைப்புக்கும் ஊர்ப் பொது நன்மைக்கும் விலை வைப்பவர் யார்?

இதற்கு வழி காட்டியவர் பாரல் என்ற ஆங்கிலேயப் பொருளியலறிஞர். 1957-இல் வெளியான தமது கட்டுரையில் அமெரிக்க மாநிலங்களின் விவசாயத்தை உதாரணமாக வைத்து அவர் ஒரு முறையை விளக்கினார். ஏட்டிலே கற்பித்த இலட்சியப் பண்ணையோடு ஒருவரை ஒப்பிடாமல், கண்ணெதிரே உள்ளவர்களில் சிறந்தவர்களோடு ஒப்பிட வேண்டும் என்பதே அதன் சாரம். 1978-இல் சார்ன்ஸ், கூப்பர், ரோட்ஸ் ஆகிய மூவரும் இதனைப் பல செலவுகளுக்கும் பல பலன்களுக்கும் பொருந்துமாறு கணக்காக்கினர். அமெரிக்காவில் ஏழைக் குழந்தைகளுக்கான கல்வித் திட்டமொன்றை மதிப்பிடும் வேலையிலிருந்தே அவர்கள் முறை பிறந்தது. கல்வியின் பலனுக்குச் சந்தை விலை இல்லை அல்லவா? இதற்கு ஆங்கிலத்தில் 'டேட்டா என்வலப்மென்ட் அனாலிஸிஸ்' என்று பெயர். எல்லாருடைய கணக்குகளையும் ஓர் உறைபோல மூடி நிற்கும் எல்லைக்கோட்டைக் கொண்டு அளப்பதால் அப்பெயர் வந்தது. எல்லைக்கோட்டு முறை என்று நாம் வழங்குவோம்.

உதாரணம் ஒன்றால் இதனை விளக்குவோம். ஒரே மாதிரிக் கரிசலில் உளுந்து பயிரிடும் மூவர், தலைக்கு 10 குவிண்டால் விளைவித்ததாகக் கொள்வோம். முதலாமவர் 4 ஏக்கர் நிலமும் 60 ஆள் நாட்களும் செலவிட்டார். இரண்டாமவர் 3 ஏக்கரும் 80 ஆள் நாட்களும் செலவிட்டார். மூன்றாமவருக்கு 5 ஏக்கரும் 100 ஆள் நாட்களும் ஆயின.

முதலாமவர் முறையில் பாதியும், இரண்டாமவர் முறையில் பாதியும் செய்தால் என்ன ஆகும்? 10 குவிண்டாலுக்கு 3½ ஏக்கரும் 70 ஆள் நாட்களும் போதும். மூன்றாமவர் செலவில் இது நிலத்திலும் 70 சதவிகிதம். ஆளிலும் 70 சதவிகிதம். எனவே அவருடைய ஒப்புத் திறன் 70. நூற்றுக்கு 30 பங்கு மிச்சம் செய்ய இடமிருக்கிறது என்பது பொருள்.

இதில் அவருக்கு அநீதி ஏதும் இல்லை. நிலத்தை மட்டும் பார்த்தால், 5 ஏக்கருக்கு எதிரே 3 ஏக்கர் நிற்பதால் அவருக்கு 60 மதிப்பெண்தான் கிடைக்கும். ஆளை மட்டும் பார்த்தாலும், 100 நாளுக்கு எதிரே 60 நாள் நிற்பதால் அதே 60-தான். ஓர் ஏக்கர் 20 ஆள் நாளுக்குச் சமம் என்று மதித்தால் முதல் இருவருக்கும் செலவு 140, அவருக்கு 200. அப்போதுதான் அவருக்கு 70 கிடைக்கிறது. இதனினும் உயர்ந்த மதிப்பெண் தரும் மதிப்பு முறை வேறெதுவும் இல்லை. ஒவ்வொருவரும் தமக்கு மிகச் சாதகமான மதிப்பு முறையைத் தாமே தேர்ந்துகொள்ளலாம். ஆனால் அதே முறையில் மற்றவரை அளக்கும்போது யாரும் 100-ஐத் தாண்டக் கூடாது. இதுவே இம்முறையின் நீதி. குற்றஞ்சாட்டப்பட்டவரின் பக்கத்தை முழுமையாகக் கேட்ட பின்பே தீர்ப்பளிக்கும் பஞ்சாயத்தை இது ஒத்திருக்கிறது.

இரண்டு எல்லைகளை வைத்துக் கணக்கிடுதல்

மேற்கண்ட உதாரணத்தில் எல்லா எண்களும் சரியானவை என்று கொண்டோம். இனி, விளைச்சல் எண் உத்தேசமானது, உண்மை 9 குவிண்டாலுக்கும் 11 குவிண்டாலுக்கும் இடையில் இருக்கிறது என்று மூவருக்கும் கொள்வோம். மூன்றாமவருக்கு மிகச் சாதகமான நிலை எது? அவருக்கு 11-ம், மற்ற இருவருக்கும் 9-ம் விளைந்திருப்பது. அப்போது அவர் திறன் 70-ஐ 11-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் வருவது, ஏறக்குறைய 86. மிகப் பாதகமான நிலையில் அவருக்கு 9-ம் மற்றவர்க்கு 11-ம் ஆகும். அப்போது திறன் ஏறக்குறைய 57. அவர் திறன் 57-க்கும் 86-க்கும் இடையில் இருக்கிறது. சலுகை முழுவதும் அவர் பக்கமே தந்தபோதும் 100-ஐ எட்டவில்லை. ஆகவே அவர் பின்தங்கியவர் என்று கூசாமல் சொல்லலாம்.

உத்தேசம் இன்னும் தளர்ந்ததாக இருந்தால் என்ன ஆகும்? உண்மை 8 குவிண்டாலுக்கும் 12 குவிண்டாலுக்கும் இடையில் என்று வைத்துக்கொள்வோம். சாதகமான நிலையில் 70-ஐ 12-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க 105 வருகிறது. அதாவது, எல்லைக்கோட்டிலேயே அவர் நிற்கிறார், அவருக்கு 100. பாதகமான நிலையில் ஏறக்குறைய 47. அவர் எல்லாரிலும் பின்தங்கியவராகவும் இருக்கலாம். முன்னணியில் நிற்பவராகவும் இருக்கலாம்.

இதனை அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம். ஏட்டிலுள்ள எண்கள் இரு முறையும் அவையேதாம். மாறியது அளவையின் நம்பகம் ஒன்றே. பிழை 17 சதவிகிதம் வரை இருந்தால் அவர் பின்தங்கியவர். 18 சதவிகிதத்தை எட்டிவிட்டால் அவரைப் பற்றித் தீர்ப்பே சொல்ல இயலாது. '70' என்ற ஒற்றை மதிப்பெண்ணை மட்டும் அச்சிட்டு அனுப்புகிறவர் இவ்விரண்டு நிலைக்கும் உள்ள வேற்றுமையை மறைத்துவிடுகிறார். அவர் அறிந்து மறைக்கிறார் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் மறைந்துபோன அந்த வேற்றுமையில் ஒரு சங்கத்தின் கடனும், ஒரு குடும்பத்தின் பிழைப்பும் அடங்கியிருக்கக்கூடும்.

இவ்விரட்டைக் கணக்கும் புதிதாக நாம் கற்பித்ததன்று. தெளிவற்ற எண்களை இம்முறையில் சேர்க்கும் வழியை 1999-இல் கூப்பர், பார்க், யூ என்போர் வகுத்தனர். பின்னர் அதனைக் கொரியாவின் கைத்தொலைபேசி நிறுவனமொன்றின் கிளைகளை ஒப்பிடுவதற்கும் பயன்படுத்திக் காட்டினர். கீழெல்லை மேலெல்லைகளைக் கொண்டு கணக்கிடும் எளிய முறையை 2002-இல் டெஸ்போடிஸ், ஸ்மிர்லிஸ் என்ற கிரேக்க அறிஞர்கள் விளக்கினர். அவர்கள் எல்லாரையும் மூன்று வகையாகப் பிரித்தனர். மிகப் பாதகமான நிலையிலும் முன்னணியில் நிற்பவர் முதல் வகை. சாதகமான நிலையில் மட்டும் முன்னணிக்கு வருபவர் இரண்டாம் வகை. எந்த நிலையிலும் முன்னணிக்கு வர இயலாதவர் மூன்றாம் வகை.

நெசவாளருக்குப் பெரிதும் உதவும் அமிசம் ஒன்றும் கூப்பர் முதலியோர் முறையில் உண்டு. ஒரு துணியின் நேர்த்தியை எண்ணால் சொல்ல முடியாது. இது அதனினும் உயர்ந்தது, அது இதற்கு அடுத்தது என்று வரிசை மட்டுமே சொல்ல முடியும். அத்தகைய வரிசையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள இம்முறை இடந்தருகிறது. மீட்டர் கணக்கில் பின்தங்கி நேர்த்தியில் முந்தி நிற்கும் நெசவாளிக்கு, மீட்டரை மட்டும் எண்ணும் ஏடு இழைக்கும் அநீதி இதனால் நீங்கும்.

நமது கோரிக்கை இம்மூன்று வகையைப் பற்றியதே. மூன்றாம் வகையினரிடம் விளக்கம் கேட்கலாம், திருத்தமும் கேட்கலாம். யாரைப் பார்த்துக் கற்க வேண்டும் என்பதையும் அக்கணக்கே கூறிவிடும். நம் உதாரணத்து மூன்றாமவருக்கு முதல் இருவருமே ஆசிரியர்கள். இரண்டாம் வகையினரைத் தண்டிப்பதற்கு யாருக்கும் உரிமை இல்லை. அவர்களுக்கு நோட்டீசு அனுப்புவதற்கு முன்னால் நல்ல தராசு ஒன்றை அனுப்ப வேண்டும்.

ஒரே தராசின் பெருமை

எல்லாப் பிழையும் ஒரே தன்மையானது அன்று. மூவரும் ஒரே தராசில் எடை போட்டு, அத்தராசு நூற்றுக்கு 10 பங்கு கூடுதலாகவே காட்டுகிறது என்று கொள்வோம். மூவர் விளைச்சலும் ஒரே விகிதத்தில் மிகுந்து தோன்றும். ஆனால் ஒப்பிடும்போது அப்பிழை அடிபட்டுப் போகும். மூன்றாமவர் திறன் 70-ஆகவே நிற்கும். ஒப்பீட்டைக் கெடுப்பது ஆளுக்கொரு தராசு, ஆளுக்கொரு மூட்டை, ஆளுக்கொரு ஈரம் என்ற நிலையே. எடையில் குறைவுள்ள தராசு விற்பனையில் நம்மை ஏமாற்றும். ஆதலால் அதனையும் சரி பார்த்தே வைக்க வேண்டும். ஆயினும் திறனை ஒப்பிடுவதற்குப் பொது அளவே முதல் தேவை. விலையுயர்ந்த கருவி இல்லாத சங்கமும் இதனைச் செய்துகொள்ளலாம்.

பொது நிலத்தோடுதான் ஒப்பிட வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்ததே. தூத்துக்குடி மாவட்டம் ஒன்றாயினும், தாமிரபரணி பாயும் ஸ்ரீவைகுண்டத்து நஞ்சையும், வடகிழக்குப் பருவமழையை எதிர்பார்த்துக் கிடக்கும் கடம்பூர்க் கரிசலும் ஒன்றாகா. மாவட்ட சராசரியை வைத்துக் கடம்பூர் விவசாயியை அளப்பது, கிணற்று நீரையும் மழை நீரையும் ஒரே பானையில் ஊற்றி எது எவ்வளவு என்று கேட்பது போலாகும். மழை விவசாயியின் கையில் இல்லாத ஒன்று. அவர் கையில் இல்லாததற்கு அவரைப் பொறுப்பாக்காமல் கணக்கிடும் வழியை 1986-இல் பாங்கர், மோரி என்ற அறிஞர்கள் காட்டியிருக்கின்றனர்.

1901 முதல் கோவில்பட்டியில் நடைபெற்று வரும் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைக் கரிசல் விவசாயி அறிவார். ஆராய்ச்சிப் பண்ணைகளில் ஒரு ரகத்தை ஒரே துண்டில் விதைத்து, 'இது உயர்ந்தது' என்று சொல்லிவிடுவதில்லை. பல துண்டுகளில் விதைத்து, அவற்றிடையே காணும் ஏற்ற இறக்கத்தையும் சேர்த்தெழுதி, வேற்றுமை அந்த ஏற்ற இறக்கத்தை மிஞ்சினால் மட்டுமே ஒன்றை உயர்ந்தது என்கின்றனர். விதைக்குக் காட்டும் இந்த நீதியை விதைக்கிறவனுக்கும் காட்டும்படியே நாம் கேட்கிறோம்.

சில ஆட்சேபங்கள்

கிராமத்துச் சங்கத்துக்கு இத்தனை கணக்கு தாங்குமா என்று சிலர் கேட்கலாம். காரியதரிசி செய்ய வேண்டியது ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டு எண்களை எழுதுவதுதான். மற்றக் கணக்கு அனைத்தும் கணினிக்கு எளிய வேலை. பல சங்கங்களின் கணக்கும் ஒருங்கே சேரும் இடத்தில் அதனைச் செய்துவிடலாம்.

இரண்டாவது ஆட்சேபம் வலுவுள்ளது. எல்லைகளை விரித்து எழுதினால் யாரும் பின்தங்கியவர் ஆகமாட்டார். அப்படியானால் சோம்பேறிகள் எல்லாரும் 5 முதல் 15 குவிண்டால் என்று எழுதி இரண்டாம் வகைக்குள் ஒளிந்துகொள்வார்களே என்று கேட்கலாம். இந்த அபாயம் உண்மையானது. அதற்குப் பரிகாரமும் உண்டு. எல்லையை அவரவர் விருப்பத்துக்கு விடக் கூடாது. எடைச் சீட்டு இருந்தால் இவ்வளவு, மூட்டைக் கணக்கானால் இவ்வளவு, வாய்மொழியானால் இவ்வளவு என்று பொதுக்குழுவே முன்கூட்டி வரையறுக்க வேண்டும். இரண்டாம் வகையில் நிற்பவர் அடுத்த ஆண்டுக்குள் தம் எல்லையைச் சுருக்கிக் காட்ட வேண்டும். ஐயத்தின் பலனை ஒருமுறை தருவது நீதி. ஆண்டுதோறும் தருவது ஏமாளித்தனம்.

மூன்றாவதாக, இம்முறைக்கே உரிய குறைகளையும் மறைக்கலாகாது. சிறந்தவரை வைத்து அளப்பதால், சிறந்தவரின் எண் தவறானால் எல்லாருடைய மதிப்பெண்ணும் கெடும். ஆகவே முதலில் சரிபார்க்க வேண்டியது முன்னணியில் நிற்பவரின் கணக்கையே. மேலும், ஒப்பிடும் சங்கங்கள் குறைவாகவும், ஒப்பிடும் அமிசங்கள் மிகுதியாகவும் இருந்தால் எல்லாரும் ஏதோ ஒன்றில் முதல்வராகி 100 பெற்றுவிடுவர். செலவு, பலன் ஆகிய அமிசங்களின் கூட்டுத் தொகையைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத சங்கங்கள் வேண்டும் என்பது அறிஞர் கொண்டுள்ள பொது விதி. மூவரை வைத்து நாம் காட்டியது விளக்கத்துக்கு மட்டுமே உரியது.

செய்யத்தக்கவை

நம் அங்கத்தினரும் நிர்வாகஸ்தர்களும் உடனே மேற்கொள்ளக்கூடியவை என நாம் கருதுபவை வருமாறு:

1. விளைச்சல், நூல் எடை, ஆள் நாள் ஆகிய ஒவ்வொன்றுக்கும் குறிப்பேட்டில் கீழெல்லை, மேலெல்லை என இரண்டு பத்திகள் வைத்தல். எண் எப்படிக் கிடைத்தது என்பதை எதிரே ஒரு சொல்லில் எழுதுதல்.

2. சங்கத்துக்கு ஒரு பொதுத் தராசும், தானிய ஈரம் பார்க்கும் கருவியும் வாங்கி, அறுவடைக் காலத்தில் களத்துக்கே கொண்டு செல்லுதல். நெசவுச் சங்கங்களில் நூலையும் துணியையும் ஒரே அறையில் ஒரே நிலையில் வைத்து எடை போடுதல். கஞ்சியின் எடைக்கு ஒரு கழிவை வரையறுத்தல்.

3. வீட்டுப் பெண்களின் உழைப்பு நாட்களையும், மாற்றாள் உழைப்பையும் ஆள் கணக்கில் சேர்த்தல்.

4. தரம் பிரிக்கும் அலுவலகங்கள் ஒற்றை மதிப்பெண்ணோடு நில்லாமல் இரு எல்லைகளையும் சங்கத்துக்குத் தெரிவிக்கும்படி பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி அனுப்புதல்.

5. ஊரில் பயிர் அறுவடைச் சோதனை நடைபெறும் நாளில் அங்கத்தினர் நேரில் சென்று நின்று, துண்டு நிலத்தின் அளவையும் எடையையும் தாமும் குறித்துக்கொள்ளுதல்.

இவற்றில் எதற்கும் பெருந்தொகை வேண்டியதில்லை. வேண்டுவது ஒரு மன உறுதியே. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதாமலிருக்கும் உறுதி அது. 'ஏறத்தாழ இவ்வளவு, இதற்குக் குறையாது, இதற்கு மேற்படாது' என்று எழுதும் காரியதரிசி தம் ஏட்டின் மதிப்பைக் குறைத்துக்கொள்வதில்லை, உயர்த்திக்கொள்கிறார். அவ்வாறு எழுதிய கணக்கை வைத்து ஒரு சங்கத்தைக் குறைகூறினால் அச்சங்கம் மறுக்க இயலாது. புகழ்ந்தால் பிறர் ஐயுற இயலாது.

புரட்டாசிப் பட்டத்து விதைப்பு தொடங்குமுன் ஒவ்வொரு சங்கமும் தன் குறிப்பேட்டில் அந்த இரண்டு பத்திகளைக் கோடிட்டு வைக்குமாயின், வரும் தை, மாசி அறுவடையிலேயே கடம்பூர் வட்டாரத்துக் கணக்குகளை முதன்முறையாக நேர்மையோடு ஒப்பிட்டுப் பார்க்க இயலும். அதற்குரிய தீர்மானத்தை அடுத்த பொதுக்குழுவிலேயே கொண்டுவருமாறு அங்கத்தினர் அனைவரையும் கேட்டுக்கொள்கிறோம்.